புல்லைக் கொன்று புல் விதைத்த கதை

மாட்டுக்குப் புல் வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிலத்தில் புல்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் புல்லையெல்லாம் வேரோடு அழித்துவிட்டு, அதே நிலத்தில் மறுபடியும் புல் விதைக்க வேண்டும்! கேட்க வேடிக்கையாக இருக்கிறதல்லவா? ஆனால் பிரிட்டன் நாட்டு விவசாயிகள் சுமார் முந்நூறு வருடங்களாக இந்த வேலையோடுதான் மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறார்கள். இதற்காகக் கலப்பை மாறியது, பயிர்ச் சுழற்சி மாறியது, சட்டம் வந்தது, விஷம் வந்தது. ஒரு விவசாயி துப்பாக்கிச் சூட்டில் உயிரையே விட்டார். இவ்வளவும் ஒரு புல்லுக்காக!

முதலில் அந்தப் புல்லைப் பற்றிப் பார்ப்போம். ஆங்கிலேயர்கள் அதை 'கௌச்' என்பார்கள். சில ஊர்களில் 'ட்விட்ச்' என்று பெயர். அமெரிக்கா போனதும் 'குவாக் கிராஸ்' ஆகிவிட்டது. நம்மூர் அறுகம்புல்லைத் தோட்டத்திலிருந்து ஒழிக்க முயன்றவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு செடிகள்தான், ஆனால் குணம் ஒன்று. மேலே தெரிவது கொஞ்சம், மண்ணுக்குள் இருப்பது அதிகம். வெள்ளைக் கயிறு போல ஒரு தண்டு மண்ணுக்கு அடியிலேயே ஓடுகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த தரைகீழ்த் தண்டுதான் அது. அதில் கணுவுக்குக் கணு ஒரு மொட்டு இருக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தண்டு முழுசாக இருக்கும் வரை நுனி மொட்டுதான் வளரும், மற்ற மொட்டுகள் எல்லாம் தூங்கிக் கொண்டிருக்கும். கலப்பை வந்து தண்டைப் பத்துத் துண்டாக வெட்டினால், தூங்கிக் கொண்டிருந்த மொட்டுகள் விழித்துக் கொள்ளும். ஒன்று பத்தாகும். ஆக, உழுதால் களை சாகும் என்று நினைத்து உழுகிற விவசாயி உண்மையில் களையை நடவு செய்து கொண்டிருக்கிறார்!

கௌச் மட்டும் இருந்தால் பரவாயில்லை. கூடவே 'டாக்' என்ற செடி. இது நம் சுக்கான்கீரையின் உறவு. ஆழமான ஆணிவேர், அதன் மேற்பகுதியைக் கொஞ்சம் விட்டுவிட்டாலும் துளிர்க்கும். ஒரு பெரிய செடி வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் விதை போடும், அந்த விதைகள் மண்ணில் புதைந்து கிடந்து பல பத்தாண்டுகள் கழித்தும் முளைக்கும். 1879-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற பேராசிரியர் 20 பாட்டில்களில் களை விதைகளை மணலோடு கலந்து புதைத்து வைத்தார். குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒரு முறை ஒரு பாட்டிலைத் தோண்டி எடுத்து, எது இன்னும் முளைக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. 80 வருடம் கழித்தும் அதில் முளைத்தவற்றில் டாக் வகை ஒன்றும் இருந்தது. (அந்தச் சோதனை இன்னும் முடியவில்லை. 2021-ல் ஒரு பாட்டிலை எடுத்தார்கள், அதுவும் நடுராத்திரியில், விதைகள் மீது வெளிச்சம் படக்கூடாது என்பதற்காக. கடைசி பாட்டில் 2100-ல்!)

மூன்றாவது, வேரிலிருந்தே குட்டி போட்டுப் பரவும் திஸில் என்ற முள்செடி. இவை மூன்றும் பல்லாண்டுக் களைகள். ஒரு வருடத்தில் முளைத்துப் பூத்துச் சாகிற களையை விதைக்கு முன் அறுத்துவிட்டால் போதும். பல்லாண்டுக் களை அப்படியல்ல. அது வேரில் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறது. மேலே எத்தனை முறை அறுத்தாலும் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துச் செலவு செய்து மறுபடி வரும். புதிதாக விதைத்த தீவனப்புல்லின் நாற்று நூல் மாதிரி இருக்கும். அது இந்தச் சேமிப்புக்காரனோடு எப்படிப் போட்டி போடும்? அதனால்தான் விதைப்பதற்கு முன்பே கணக்கை முடித்தாக வேண்டும். விதைத்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் பயிரும் புல், களையும் புல்.

வெயிலும் டர்னிப்பும்

பழைய காலத்தில் இதற்கு ஒரே மருந்து, நிலத்தைச் சும்மா போடுவது. சும்மா என்றால் உண்மையில் சும்மா இல்லை. கோடை முழுக்கப் பயிர் எதுவும் வைக்காமல் மறுபடி மறுபடி உழுவார்கள். தண்டுகள் மேலே வந்து வெயிலில் காயும். பல்லுக்கலப்பை போட்டு இழுத்து, சேர்ந்ததைக் குவித்துக் கொளுத்துவார்கள். கோடை உழவு கோடி நன்மை என்று நம் ஊரில் சொல்வதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. இங்கிலாந்தில் கோடையில் மழை பெய்துவிட்டால்? காய வேண்டிய துண்டெல்லாம் வேர் பிடித்துவிடும். ஒரு வருட வருமானமும் போய், களையும் பெருகி... விவசாயி தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

18-ம் நூற்றாண்டில் இதற்கு இரண்டு பேரின் பெயரால் தீர்வு சொல்லப்பட்டது. ஒருவர் ஜெத்ரோ டல். சுமார் 1701-ல் விதைகளை வரிசையாகப் போடும் கருவியைச் செய்தவர். கையால் வீசி விதைத்தால் இடையில் களை எடுக்க வழியில்லை. வரிசையாக விதைத்தால் குதிரையைப் பூட்டிக் களை கொத்தலாம். 1731-ல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார், 1733-ல் விரிவாக வெளியிட்டார். இதில் தமாஷ் என்னவென்றால், செடிகள் மண்ணையே பொடியாகத் தின்கின்றன, அதனால் மண்ணைக் கொத்திப் பொடியாக்கினால் செடிக்குச் சாப்பாடு அதிகம் கிடைக்கும் என்பதுதான் அவருடைய விளக்கம்! விளக்கம் முழுத் தப்பு. ஆனால் கொத்தியதால் களை போனது, பயிர் வளர்ந்தது. அறிவியலில் இப்படியும் நடக்கும்.

இன்னொருவர் சார்லஸ் டவுன்ஷெண்ட். அரசியலில் பெரிய பதவியில் இருந்துவிட்டு 1730-ல் நார்ஃபோக் மாவட்டத்தில் தன் சொந்த ஊருக்குத் திரும்பி டர்னிப் பயிரிடுவதைப் பற்றியே பேசிக் கொண்டிருந்ததால் 'டர்னிப் டவுன்ஷெண்ட்' என்று பட்டப்பெயர் வாங்கினார். அவருக்கு முன்பே அங்கே டர்னிப் இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் பிற்பாடு காட்டிவிட்டார்கள். அது கிடக்கட்டும். நார்ஃபோக் முறை என்பது கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் என்ற நான்கு வருடச் சுழற்சி. டர்னிப் குளிர்காலத்தில் ஆட்டுக்குத் தீவனம். அதே சமயம் வரிசைக்கு இடையே களைக்கொட்டு ஓடிக்கொண்டே இருக்கும். நிலத்தைச் சும்மா போடாமலே சுத்தம் செய்தாயிற்று! அடுத்து வரும் பார்லியோடு குளோவரையும் புல் விதையையும் சேர்த்து விதைத்தால், அது சுத்தமான மண்ணில் விழும். தீவனப் பயிர் விதைப்பதற்கு முன் களையை ஒழிக்கும் வேலையை இன்னொரு தீவனப் பயிரே செய்து கொடுத்தது. இந்த மொத்தக் கதையிலும் இதைவிட அழகான யோசனை வேறு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் இதற்கு ஒன்று தேவை. மலிவான கூலிக்கு ஆள்! குனிந்து டர்னிப் வயலில் களை கொத்தியவர்கள் யாரும் அதைப் பற்றிப் புத்தகம் எழுதவில்லை.

தானாக வந்த புல்

1870-களில் எல்லாம் தலைகீழானது. அமெரிக்காவிலிருந்து ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் மலிவான கோதுமை வந்து இறங்கியது. 1870-களின் தொடக்கத்தில் ஒரு குவார்ட்டர் கோதுமை 50 ஷில்லிங்குக்கும் மேலே விற்றது. 1894-ல் 23 ஷில்லிங்குக்கும் கீழே போய்விட்டது. உழுதால் நஷ்டம். பல விவசாயிகள் கலப்பையை ஓரமாக வைத்துவிட்டார்கள். விதைகூடப் போடவில்லை, நிலம் தானாகவே புல்லாக மாறியது. என்ன புல்? ஏற்கெனவே மண்ணில் காத்திருந்த கௌச், பென்ட் போன்றவைதான். முதல் உலகப் போரில் கொஞ்ச காலம் உழுதார்கள், போர் முடிந்து 1921-ல் அரசு விலை உத்தரவாதத்தைக் கைவிட்டதும் மறுபடி பழைய கதை. 1930-களில் இங்கிலாந்தையும் வேல்ஸையும் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களுக்கு எல்லாம் பச்சைப் பசேல் என்று தெரிந்திருக்கும். அந்தப் பச்சையில் மாட்டுக்குச் சத்து கொடுக்கும் ரைகிராஸும் வெள்ளைக் குளோவரும் எவ்வளவு என்று இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு.

இறங்கிப் பார்த்தவர் ஜார்ஜ் ஸ்டேபிள்டன் (1882-1960). 1919-ல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித் நகரில் பயிர்ப் பெருக்க நிலையம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர். வியாபாரிகள் விற்கும் ரைகிராஸ் விதையில் வரும் செடி சீக்கிரம் கதிர் விட்டு, ஓரிரு வருடத்தில் செத்துவிடுகிறது. பழைய நல்ல மேய்ச்சல் நிலத்தில் தானாக வாழும் ரைகிராஸ் இலை அடர்ந்து பல வருடம் நிற்கிறது. பெயர் ஒன்று, செடி வேறு! அந்த நல்ல செடிகளைத் தேடிச் சேகரித்து எஸ்.23 ரைகிராஸ், எஸ்.100 வெள்ளைக் குளோவர் என்று ரகங்களாக அவருடைய குழு வெளியிட்டது.

நல்ல விதை கிடைத்துவிட்டது. ஆனால் பழைய புல்லை என்ன செய்வது? 1933-ல் அபெரிஸ்ட்வித்துக்கு அருகே மலைச்சரிவில் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. பணம் கொடுத்தவர் சர் ஜூலியன் கான் என்ற நாற்காலி மேஜை வியாபாரி. (கிரிக்கெட் பைத்தியம். சொந்தமாக அணி வைத்து உலகம் சுற்றியவர். 1936-37 வாக்கில் அந்த அணி இலங்கைக்கும் மலாயாவுக்கும்கூட வந்து ஆடியது!) சங்கிலிச் சக்கர டிராக்டர்களை மலையில் ஏற்றி, முரட்டுப் புல்லைப் புரட்டிப் போட்டார்கள். புரட்டிய உடனே நல்ல புல்லை விதைக்கக் கூடாது என்பது அங்கே கிடைத்த பாடங்களில் ஒன்று. முதலில் ரேப், டர்னிப், இத்தாலியன் ரைகிராஸ் போன்ற ஒரு முன்னோடிப் பயிர். அதில் ஆடுகளை விட்டு மேய்த்தால் குளம்பு பட்டுப் பழைய புல் மக்கும், புழுக்கை உரமாகும், தலை தூக்கும் களை மிதிபடும். அதற்குப் பிறகுதான் நிரந்தரமாக நிற்க வேண்டிய புல். நார்ஃபோக் டர்னிப் யோசனையின் மலைப் பதிப்பு என்று வைத்துக் கொள்ளலாம். களைக்கொட்டுக்குப் பதில் ஆட்டின் குளம்பு.

நாலு ஏக்கர்

1939 மே மாதம். போர் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிரிட்டன் சாப்பிடுவதில் மூன்றில் இரண்டு பங்கு கப்பலில் வருவது. கப்பலை மூழ்கடித்தால்? ஏழு வருடத்துக்கு மேற்பட்ட பழைய புல்நிலத்தை உழுதால் ஏக்கருக்கு 2 பவுண்ட் தருவதாக அரசு அறிவித்தது. போர் தொடங்கியதும் ஒவ்வொரு மாவட்டத்திலும் போர்க்கால விவசாயக் குழு. எந்த வயலை உழ வேண்டும், என்ன விதைக்க வேண்டும் என்று விவசாயிக்கு உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு உண்டு. உத்தரவை மீறினால் நிலத்தைவிட்டே வெளியேற்றலாம்.

மொத்தமாகப் பார்த்தால் பிரம்மாண்டமான வெற்றிதான். 1944-க்குள் சுமார் 60 லட்சம் ஏக்கர் புல்நிலம் உழவுக்கு வந்தது. அந்த உழவு இல்லாமல் பிரிட்டன் பட்டினியைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் பழைய புல்லைப் புரட்டிப் போட்டுத் தானியம் விதைத்தவர்களில் பலருக்கு முதல் வருடம் அதிர்ச்சி. மண்ணுக்குள் புல் வேரைத் தின்று வாழ்ந்த கம்பிப்புழுக்கள் இப்போது வேறு சாப்பாடு இல்லாமல் கோதுமை நாற்றைத் தின்றன. நன்றாகப் புதைக்காத இடங்களில் கௌச் மீண்டும் மேலே வந்தது.

தாத்தா காலத்துப் புல்லை உழ மாட்டேன் என்றவர்களும் இருந்தார்கள். 1940 ஜூலையில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் இட்சன் ஸ்டோக் கிராமத்தில் நடந்தது இது. அறுபது ஏக்கர் சொச்சம் வைத்திருந்த ஒரு விவசாயிக்கு அதில் 4 ஏக்கரை உழும்படி உத்தரவு. அவர் மறுத்துவிட்டார். வெளியேறச் சொன்னார்கள், அதற்கும் மறுத்தார். காவல்துறை வந்தபோது வீட்டைப் பூட்டிக்கொண்டு துப்பாக்கி எடுத்தார். முற்றுகை, கண்ணீர்ப் புகை, பதிலுக்குத் துப்பாக்கிச் சூடு. கடைசியில் அவர் சுடப்பட்டு இறந்தார். ஜெர்மன் குண்டுகள் விழத் தொடங்கிய அந்த வாரங்களில், 4 ஏக்கர் புல்லுக்காக ஒரு ஆங்கிலேயரை ஆங்கிலேயக் காவலர்களே சுட்டார்கள். சட்டப்படி யார் பக்கம் சரி என்று சொல்வது சுலபம். ஆனால் அவரை அந்த நிலைக்குத் தள்ளாமல் 4 ஏக்கரை விட்டிருந்தால் போர் தோற்றிருக்குமா என்ற கேள்வியும் போகவில்லை.

புட்டிக்குள் கலப்பை

அதே 1940-ல், பெர்க்‌ஷயர் மாவட்டத்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஜீலட்ஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் டெம்பிள்மேன் ஒன்றைக் கவனித்தார். செடி வளர்ச்சி ஹார்மோனைப் போன்ற ஒரு ரசாயனத்தை அதிக அளவில் போட்டால் காட்டுக் கடுகு சாகிறது, பக்கத்தில் இருக்கும் ஓட்ஸுக்கு ஒன்றும் ஆவதில்லை! அதிலிருந்து வந்ததுதான் எம்.சி.பி.ஏ. என்ற களைக்கொல்லி. போர் ரகசியமாக இருந்து 1946-ல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அதன் தம்பி 2,4-டி. அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும், புல்லைத் தொடாது. மேய்ச்சல் நிலத்தில் திஸிலுக்கும் டாக்குக்கும் இது ஓரளவு வேலை செய்தது. ஆனால் குளோவரும் அகன்ற இலைதானே? அதையும் கொன்றது. 1950-களில் வை கல்லூரியின் லூயி வெய்ன் இதற்கு ஒரு புத்திசாலித்தனமான வழி கண்டார். எம்.சி.பி.பி. என்ற பொருள் தன்னளவில் பெரிய விஷம் இல்லை. களைச்செடி அதை உள்ளே வாங்கித் தானே எம்.சி.பி.ஏ.வாக மாற்றிக்கொண்டு சாகும். குளோவருக்கு அப்படி மாற்றும் திறமை குறைவு, அதனால் தப்பிக்கும்!

1959-ல் வந்த களைச் சட்டம் ஐந்து செடிகளைப் பட்டியல் போட்டது. இரண்டு திஸில், இரண்டு டாக், ஒரு ராக்வொர்ட். இவற்றைப் பரவவிடும் நில உரிமையாளருக்கு அரசு உத்தரவு போடலாம். கௌச் அந்தப் பட்டியலில் இல்லை. புல்லுக்குள் புல் என்பதால் சட்டத்துக்கும் அகப்படவில்லை, எம்.சி.பி.ஏ.வுக்கும் அகப்படவில்லை.

கௌச்சுக்கு எதிராக அப்போது இரண்டு ஆயுதங்கள். ஒன்று டாலபான் என்ற ரசாயனம், 1953-ல் வந்தது. புல் வகைகளைக் கொல்லும். ஆனால் மெதுவாக, அதோடு மண்ணில் வாரக்கணக்கில் தங்கிவிடும். அந்த மண்ணில் புல் விதையைப் போட்டால் அதுவும் சாகும். காத்திருந்து காத்திருந்து விதைக்கும் பருவமே போய்விடும். இன்னொன்று ரோட்டவேட்டர். இன்று நம் ஊர் டிராக்டர்களுக்குப் பின்னால் சுழலும் அதே கருவிதான். ஆஸ்திரேலிய விவசாயக் குடும்பத்துப் பையனான ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் 1912 வாக்கில் யோசித்த கருவி, 1930-களின் கடைசியில் இங்கிலாந்துக்கு வந்தது. கௌச் நிலத்தில் இதை ஒரு முறை ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் அவ்வளவுதான், ஒரு தண்டு நூறு செடியாகும். ஆனால் துண்டுகள் ஓரிரு இலை விட்டதும் மறுபடி ஓட்ட வேண்டும். மறுபடி துளிர்த்ததும் மறுபடி. ஒவ்வொரு துளிருக்கும் துண்டு தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. புது இலை சம்பாதிக்கத் தொடங்குவதற்குள் அதை வெட்டிவிட்டால் கணக்கு காலியாகிச் சாகும். மொட்டை எழுப்பிவிட்டு, எழுந்ததைக் கொல்வது! பொறுமையும் டீசலும் இருந்தால் வேலை செய்யும் முறை. ரசாயனம் போடாத இயற்கை விவசாயப் பண்ணைகள் இன்றும் இதே கணக்கில்தான் ஓட்டுகின்றன.

அடுத்து வந்தது பாராகுவாட். இந்தப் பொருள் 1882-லேயே தயாரிக்கப்பட்டது, 1930-களில் ஆய்வகத்தில் நிறம் மாறும் சாயமாகப் பயன்பட்டது. அது செடியைக் கொல்லும் என்பதை 1955-ல் கண்டுபிடித்தது அதே ஜீலட்ஸ் ஹில். 1962-ல் 'கிரமாக்ஸோன்' என்று விற்பனைக்கு வந்தது. பச்சை இலையில் பட்டால் ஒளிச்சேர்க்கையின் மின்னோட்டத்தைத் திருடி, இலையை உள்ளேயே எரித்துவிடும். வெயில் நாளில் சில மணி நேரத்திலேயே வாடும். ஆனால் மண்ணைத் தொட்டதும் களிமண் துகள் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், விஷம் அங்கேயே செயலிழக்கும். இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். இன்று தெளித்து, சில நாட்களிலேயே விதைக்கலாம். உழவே வேண்டாம்! கல்லும் சரிவுமான நிலத்தில், கலப்பை ஏறாத இடத்தில், பழைய புல்லைக் காயவைத்து அதைக் கீறி விதை போடும் கருவிகள் வந்தன. பல்லாயிரம் வருடமாக விவசாயத்தின் அடையாளமாக இருந்த கலப்பைக்கு முதல் முறையாக மாற்று.

குறை? கௌச். இலை கருகும், கீழே தண்டு சிரிக்கும். சில வாரத்தில் பழையபடி.

அதைவிடப் பெரிய குறை வேறு. இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. ஆரம்ப காலத்தில் அது பழுப்பு நிற திரவம். பண்ணையில் மிச்சமானதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்தார்கள், தெரியாமல் குடித்தவர்கள் இறந்தார்கள். அதுவும் உடனே அல்ல, பலருக்கு நுரையீரல் மெல்ல மெல்ல இறுகி, சுயநினைவோடே பல நாள் கழித்து. பிறகு நீலச் சாயம், நாற்றம், வாந்தி வரவைக்கும் மருந்து எல்லாம் சேர்த்தார்கள். பிரிட்டன் புல்வெளிக்காக உருவான அந்தப் புட்டி வெப்ப நாடுகளின் தோட்டங்களுக்கும் வந்து, கிராமத்து வீடுகளின் மூலையில் உட்கார்ந்தது. கொடுமையான பலனை அனுபவித்த நாடுகளில் ஒன்று இலங்கை. அங்கே 2008-ல் தொடங்கிப் படிப்படியாக அதைத் தடை செய்தார்கள். பூச்சிமருந்தால் ஏற்படும் தற்கொலை மரணங்கள் அதன் பிறகு மேலும் குறைந்தன. விளைச்சல் அதனால் விழுந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-ல் நீதிமன்றமே அனுமதியை ரத்து செய்தது.

தண்டு வரை போனது

கௌச்சின் சேமிப்பு அறைக்குள் நுழைந்த பொருள் அமெரிக்காவில் கிடைத்தது. மான்சாண்டோ நிறுவனம் தண்ணீரை மென்மையாக்கும் சில ரசாயனங்களைச் சோதித்தபோது, அவற்றில் இரண்டு பல்லாண்டுக் களைகளை லேசாகப் பாதிப்பது தெரிந்தது. லேசாகத்தான். ஏன் என்று கண்டுபிடிக்கும் வேலை ஜான் ஃபிரான்ஸ் என்ற வேதியியலாளரிடம் வந்தது. செடி அந்த ரசாயனத்தை உள்ளே வேறு ஏதோ ஒன்றாக மாற்றுகிறதோ என்று அவர் ஊகித்து, அப்படி வரக்கூடிய பொருள்களைச் செய்து பார்த்தார். 1970-ல் கிளைபோசேட் கிடைத்தது. (இதிலும் ஒரு விதி விளையாட்டு. 1950-லேயே ஸ்விட்சர்லாந்தின் ஒரு மருந்து நிறுவனத்தில் இதே பொருளைச் செய்து, மருந்தாகப் பயனில்லை என்று விட்டுவிட்டார்கள்.) 1974-ல் 'ரவுண்டப்' கடைக்கு வந்தது.

இது இலையை எரிப்பதில்லை. இலை செய்யும் சர்க்கரையோடு சேர்ந்து பயணம் செய்கிறது. சர்க்கரை எங்கே போகிறது? சேமிப்புக் கிடங்குக்கு! தண்டுக்கும் வேருக்கும் செடியே தன் கையால் விஷத்தை எடுத்துச் செல்கிறது. அங்கே செடிக்குத் தேவையான சில அமினோ அமிலங்களைச் செய்யும் ஒரு நொதியை முடக்குகிறது. எந்த நொதி என்று 1980-ல்தான் தெரிந்தது. இதனால் விவசாயியின் பழக்கமே தலைகீழானது. அதுவரை களையை ஒட்ட அறுத்து, மேய்த்து, பட்டினி போட்டுத்தான் கொல்வார்கள். இப்போது களையை நன்றாக வளரவிட வேண்டும். கௌச்சுக்கு நாலைந்து இலை இருக்க வேண்டும், டாக்குக்கு இலைக்கொத்து விரிந்திருக்க வேண்டும். இலை இல்லை என்றால் மருந்து உள்ளே போக வழியில்லை. கோடைக் கடைசியில், செடி குளிர்காலத்துக்காகச் சர்க்கரையைக் கீழே இறக்கும் நேரத்தில் தெளித்தால் பலன் அதிகம். தெளித்த உடனே உழக்கூடாது, மருந்து கீழே இறங்க நாள் விட வேண்டும். அதற்குப் பிறகு விதைப்பு.

அப்போதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. செத்த பழைய புல் மக்கும்போது வரும் அமிலம் புது நாற்றைக் கெடுக்கும், அதனால் சுண்ணாம்பு போட வேண்டும். பழைய புல்லில் இருந்த ஈப்புழுக்களும் நத்தைகளும் புது நாற்றுக்கு நகரும். 80 வருடம் தூங்கும் டாக் விதைகளை எந்த மருந்தும் தொடாது. நிலம் திறந்ததும் அவையும் முளைக்கும்.

இதற்கிடையில் வேறொரு கணக்கும் வெளியே வந்தது. 1930-களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த பூக்கள் நிறைந்த இயற்கைப் புல்வெளிகளில் 97 சதவீதம் 1984-க்குள் போய்விட்டது என்று 1987-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. உழவு, உரம், களைக்கொல்லி, ஒரே ரக ரைகிராஸ் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. ஸ்டேபிள்டன் தலைமுறைக்குத் தரம் குறைந்த புல்லாகத் தெரிந்தவற்றில் ஆர்க்கிட் பூக்களும் வண்ணத்துப் பூச்சிகளும் இருந்தன. பசியோடிருந்த நாட்டில் அதை அப்போது யாரும் எண்ணிப் பார்க்காததைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஆனால் பசி தீர்ந்து முப்பது வருடம் ஆன பிறகும் மானியம் கொடுத்து அதைத் தொடர்ந்ததற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

கிளைபோசேட் பற்றிய சண்டை தனிக்கதை. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளது' என்ற பிரிவில் சேர்த்தது. அதே வருடம் இலங்கை, சிறுநீரக நோய் அச்சத்தால் அதைத் தடை செய்து, தேயிலைத் தோட்டக்காரர்களின் நெருக்கடியில் 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இன்னும் பத்து வருடத்துக்கு அனுமதி நீட்டித்தது.

ஆனால் செடிகள் யாருடைய தீர்ப்புக்கும் காத்திருக்கவில்லை. 1996-ல் ஆஸ்திரேலியாவில் கிளைபோசேட் தெளித்தும் சாகாத ஒரு களை கண்டறியப்பட்டது. உலகிலேயே முதல் உதாரணம். என்ன செடி தெரியுமா? ரைகிராஸ் வகை ஒன்று. ஆடுகளுக்கு நல்ல தீவனம் என்று விவசாயிகளே மேய்ச்சல் நிலங்களில் ஆசையாக விதைத்துப் பரப்பியது. பிரிட்டனில் அப்படி ஒரு செடி இல்லை என்று பல வருடம் நிம்மதியாக இருந்தார்கள். 2025-ல் கென்ட் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் முதல் முறையாக உறுதி செய்தார்கள். அது கௌச் இல்லை, டாக்கும் இல்லை. வேல்ஸ் மலையில் முன்னோடிப் பயிராக விதைத்தார்களே, அந்த இத்தாலியன் ரைகிராஸ்.